கேப் ஹார்னுக்குப் பிப்ரவரியில் போக வேண்டும்

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தபோது, எல்லோரும் அவர்களுடைய துணிச்சலைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். அவர்கள் புறப்பட்ட தேதியையும் சேர்த்துப் பாராட்டியிருக்கலாம்.

2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பினார்கள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, அரபிக்கடலில் புயல் பருவம் சூடுபிடிக்கும் முன் தெற்கே இறங்கிவிட ஏற்ற நேரம் அது. நவம்பரில் ஆஸ்திரேலியா, டிசம்பரில் நியூசிலாந்து, பிப்ரவரி நடுவில் தென் அமெரிக்காவின் கடைக்கோடியான கேப் ஹார்ன். எல்லாமே தென்கோளத்தின் நல்ல மாதங்கள். அந்தத் தென்கடலில் மேற்குக் காற்றை மறிக்க நிலம் கிடையாது. ஆயிரக்கணக்கான மைல் ஓடிவரும் அலை, ஹார்ன் முனையருகே ஆழம் குறைந்த தளத்தில் ஏறி நிமிர்ந்துவிடும். ஆண்டீஸ் மலைக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே காற்றும் நெருக்கப்பட்டுச் சீறும். கோடையிலேயே தாரிணிக்கு அங்கே கிடைத்தது மணிக்கு 75 கிலோமீட்டர் காற்றும் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட அலைகளும். படகின் நீளமோ 17 மீட்டர்!

பருவம் முந்திப் போனால் என்ன ஆகும்? தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயம் பிரான்ஸில் ஜூலை 1-ல் தொடங்கியது. முன்னணியில் இருந்தவர்கள் தென் இந்தியப் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தபோது அங்கே குளிர்காலம் முடிந்தும் முடியாத செப்டம்பர். 21-ம் தேதி புயலில் இந்திய மாலுமி அபிலாஷ் டோமியின் படகு உருண்டது. பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி. பெர்த்திலிருந்து 1,900 கடல் மைல் தள்ளிக் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் மீட்க மூன்று நாளாயிற்று. 18 பேரில் பந்தயத்தை முடித்தவர்கள் ஐவர்.

அடுத்த பந்தயத்தை 2022 செப்டம்பர் 4-ல் தொடங்கினார்கள். அதிலும் பலர் பாதியில் விலகினார்கள். அந்தக் கடலில் நல்ல பருவம் என்றால் ஆபத்து கொஞ்சம் குறைந்த பருவம், அவ்வளவே. அபிலாஷ் இரண்டாமிடம் பிடித்தார்.

தாரிணியின் திட்டத்தில் இடிப்பது கடைசி வாரம்தான். ஆறு பெண்களுடன் சென்ற முதல் பயணத்தில், இதே படகு 2018 மே 21-ல் கோவா திரும்பியது. இம்முறை 2025 மே 29. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் வரும் பருவமழையோ மே 24-லேயே கேரளத்தைத் தொட்டுவிட்டது. சராசரித் தேதியை நம்பி, எட்டு மாதம் களைத்த படகை அரபிக்கடலில் நிறுத்தக் கூடாது. துறைமுகங்களில் தங்கும் நாட்களைச் சுருக்கியாவது, அடுத்த பயணத்தை மே முதல் வாரத்துக்குள் கடற்படை முடிக்க வேண்டும். வரவேற்பு விழாவுக்கு அமைச்சருக்கு எந்த நாள் வசதி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.