வாசலில் நிற்கும் கேமரா

எனக்குத் தெரிந்த விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகள் எல்லோரும் படிப்பு முடிவதற்குள் ஒரு பாடல் வீடியோ எடுத்துவிடுகிறார்கள். பாட்டு முடிவாவது, லொக்கேஷன் பார்ப்பது, கேமரா வாடகைக்குப் பிடிப்பது எல்லாம் மளமளவென்று நடக்கும். ரெக்கார்டு நோட்டில் கோட்பாடு, வழக்கங்கள் பற்றி எழுத வேண்டிய பக்கங்கள் மட்டும் கடைசி வரை காலியாகக் கிடக்கும். எடிட் முடிந்து, பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, எடுத்து முடித்த படத்துக்குத் தோதாக நாலு அறிஞர்களைத் தேடிப் பிடித்து எழுதி வைப்பார்கள். மார்க்கும் வந்துவிடும். ஆனால் அந்தப் படிப்பால் படத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய பலன் கிடைக்காமலே போகிறது. இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் கட்சி.

சமீபத்தில் ஒரு குழு பேச வந்திருந்தது. சொந்தமாக ஒரு ராப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஷிப்ட் வேலையைப் பற்றிய பாட்டு. அவர்களில் ஒரு பையனின் அக்கா ஊரை விட்டு வந்து, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறார். பாட்டில் உயிர் இருந்தது. திட்டத்தைக் கேட்டேன். விடியற்காலையில் ட்ரோன் மேலே ஏறும்; சிப்காட் தொழிற்பேட்டை முழுக்கத் தெரியும்; வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போகும்; ஒரகடம் மேம்பாலத்தில் பாடுகிற பையன் ஸ்லோமோஷனில் நடந்து வருவான்.

"ஏன் ட்ரோன்?" என்றேன்.

"கம்பெனிக்குள்ள விடமாட்டாங்க சார். வெளியில நின்னு எடுத்தாலும் செக்யூரிட்டி வந்துடுவாரு. மேல போயிட்டா பிரச்சினை இல்ல."

பையன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வல்லம் வடகால் வரை எத்தனையோ ஆலைகள் வந்துவிட்டன. எந்த ஆலையிலும் வெளிக் கேமரா வாசலோடு நின்றுவிடும். மீதிப் பாதி, வழி இல்லாததால் கையில் கிடைத்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. ட்ரோன் ஷாட் எல்லா வீடியோவிலும் வருகிறது, அதனால் நம் வீடியோவிலும் வரட்டும் என்கிற முடிவு அது. இந்த இடத்தில்தான் படிப்பு உதவும்.

வாசலில் கேமரா நிற்பது இன்றைக்கு வந்த சங்கதி அல்ல. 1895-இல் லூமியர் சகோதரர்கள் பிரான்சின் லியோன் நகரத்தில் எடுத்த ஆரம்பப் படங்களில் ஒன்று, அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சி. ஒரு நிமிடம்கூட ஓடாது. கதவு திறக்கிறது, கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வருகிறார்கள், சைக்கிள் வருகிறது, நாய் ஓடுகிறது. ஏதோ தற்செயலாகப் படம் பிடித்ததுபோல் இருக்கும். உண்மையில் அதே காட்சிக்கு மூன்று வடிவங்கள் உண்டு. திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கேமராவுக்குச் சொந்தக்காரர்களும் ஆலைக்குச் சொந்தக்காரர்களும் ஒரே ஆட்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சரியாக நூறு வருடம் கழித்து, 1995-இல், ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் இயக்குநர் அதே தலைப்பில் ஒரு படம் செய்தார். ஒரு நூற்றாண்டு சினிமாவில் ஆலை வாசல் வருகிற காட்சிகளைத் தேடித் தொகுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சினிமாவுக்கு ஆலைக்குள் போக விருப்பமே இல்லை, பெரும்பாலான கதைகள் வேலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தொடங்குகின்றன என்பது அவருடைய முடிவு. அந்தப் பையன்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் மாறியது. தங்களுக்கு வந்த தடை சினிமாவுக்கு முதல் நாளிலிருந்தே இருக்கிற தடை என்று தெரிந்தால், அதைப் பற்றியே படம் எடுக்கலாம் என்று தோன்றும். தோன்றியது.

பாடல் வீடியோவுக்கென்றே எழுதியவர்களில் ஆண்ட்ரூ குட்வினை முதலில் படிக்கச் சொல்வேன். அவருடைய புத்தகம் 1992-இல் வந்தது. பாடல் வீடியோவைக் குட்டிச் சினிமாவாகப் பார்க்காதீர்கள், அங்கே முதலில் பிறந்தது இசை, படம் அதற்குப் பின்னால் வருவது என்பது அவர் கட்சி. வரிகளுக்கும் படத்துக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரிக்கிறார். வரி சொல்வதை அப்படியே காட்டலாம். வரியில் இல்லாத ஒன்றைச் சேர்த்துப் பெருக்கலாம். வரியை விட்டு முழுதாக விலகியும் போகலாம். இசை வகைக்கென்று ஒரு காட்சி வழக்கம் இருக்கிறது, இசைக் கம்பெனி தன் பாடகரின் முகத்தைக் குளோசப்பில் கேட்கும், பழைய படங்களும் பாட்டுகளும் நினைவில் வந்து போகும் என்றும் சொல்கிறார். இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தால் ஒன்றும் கிடைக்காது. நம் பாட்டுகளில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

2017 ஜனவரியில் வந்த சென்னைப் புறம்போக்குப் பாடலை எடுத்துக்கொள்ளலாம். பாடியவர் டி. எம். கிருஷ்ணா, எழுதியவர் கபேர் வாசுகி, இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். கர்நாடக இசை என்றால் சபா மேடை, பட்டு, ஜமுக்காளம், தம்புரா என்று நம் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கே ராகமாலிகை எண்ணூர்க் கழிமுகத்தில் கேட்கிறது. வரிகள் சென்னைத் தெருப் பேச்சில் இருக்கின்றன. இசை வகையின் வழக்கத்தை நன்றாக அறிந்தவர்கள்தான் எந்த இடத்தில் அதை மீறினால் உறைக்கும் என்று கண்டுபிடிக்க முடியும். இதே இயக்குநர் 2015-இல் சோஃபியா அஷ்ரஃபின் கொடைக்கானல் ராப் பாட்டையும் எடுத்தார். அந்தப் பாட்டு நிக்கி மினாஜின் உலகறிந்த மெட்டில் ஏறி உட்கார்ந்து, யூனிலீவரின் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றிப் பேசியது. பழகிய மெட்டு கேட்பவரைப் பிடித்து நிறுத்த, பழகாத செய்தி உள்ளே போனது. அடுத்த ஆண்டு யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. பாட்டு அதற்குக் கூட்டம் சேர்த்தது.

முகம் யாருக்கு என்ற கேள்விக்கு 'எஞ்சாயி எஞ்சாமி' போதும். 2021 மார்ச்சில் பாடகர்கள் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில், அமித் கிருஷ்ணன் இயக்கத்தில் வந்தது. வரிகள் அறிவு எழுதியவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது, வீடியோவிலும் அந்தப் பாட்டி இருக்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்டார். குளோசப் யாருக்குப் போகிறது என்று குட்வின் எழுதியது புத்தகத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்று அன்று ஊரே பார்த்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாட்டு எடுக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இன்னொருவர் லாரா மல்வி. 1975-இல் அவர் எழுதிய கட்டுரை, சினிமாவில் பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார், கேமரா நம்மை யார் பக்கம் உட்கார வைக்கிறது என்று கேட்டது. நம் விஸ்காம் நோட்டுகளில் இது குத்துப்பாட்டு நடனத்தைக் கண்டிக்க மட்டும் பயன்படுகிறது. இங்கே அதற்கு வேறு வேலையும் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் பெண்களை நாம் இரண்டு விதமாகத்தான் பார்த்திருக்கிறோம். ஒன்று, விளம்பரப் படத்தில் தொப்பியும் கோட்டும் போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பது. மற்றது, 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் உடம்புக்கு முடியாமல் போனபோது ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது. இரண்டிலும் கேமரா தூரத்தில் நிற்கிறது. ஒரு முகமும் நினைவில் தங்கவில்லை. ட்ரோனும் அதையேதான் செய்யப்போகிறது என்று அவர்களிடம் சொன்னேன்.

அப்போது அந்தப் பையன், யோசனையாக, ஒன்று சொன்னான். "கேட்ல அக்கா போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க சார். ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து அதைப் பிச்சுக் கட்டில் கம்பியில ஒட்டிடுவாங்க. எல்லா அக்காவும் அப்படித்தான். கம்பியே தெரியாது."

நான் ட்ரோனைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. இரும்புக் கட்டில், கம்பி நெடுக ஒன்றின் மேல் ஒன்றாக வட்ட வட்ட ஸ்டிக்கர், சில வெளுத்து, சில அன்றைக்கு ஒட்டியது. பார்க்கக் கூடாது என்று ஒட்டிய ஸ்டிக்கர்களைப் பார்க்கிற ஷாட் அது. ஆலைக்குள் நுழையாமலே ஆலையின் விதியைக் காட்டிவிடும். வரியில் இல்லாததைப் படம் சேர்ப்பது என்று குட்வின் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் அறையில் இருக்கிற மற்ற பெண்களிடமும் சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், யாருடைய வேலைக்கும் ஆபத்து வராமல் முகமும் ஐடி கார்டும் தவிர்க்க வேண்டும் என்று பேசி முடித்தோம்.

படம் தயாரானதும் யாருக்கு முதலில் காட்டுவது என்பதற்கு ஸ்டுவர்ட் ஹால் வழி சொல்கிறார். எடுத்தவர் வைத்த அர்த்தம் பார்ப்பவரிடம் அப்படியே போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம் என்று 1973-இலேயே எழுதினார். சிலர் ஏற்பார்கள், சிலர் பாதி ஏற்றுப் பாதி மறுப்பார்கள், சிலர் எதிராகவே படிப்பார்கள். வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்ஸை ஒரு முதலீட்டாளர் வளர்ச்சியாகப் பார்ப்பார். சிப்காட்டுக்கு நிலம் போன குடும்பம் பஸ் ஓடுகிற மண்ணைப் பார்க்கும். திருவண்ணாமலையிலிருந்து வந்த பெண் ராத்திரி ஷிப்டுக்கு ஜன்னலோர சீட் கிடைக்குமா என்று பார்ப்பார். 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சாம்சங் தொழிலாளர் ஒருவர் அதே பஸ்ஸைப் பார்க்கும்போது அவருக்கு ஞாபகம் வருவது வேறு. ஆகவே கடைசி எடிட்டுக்கு முன் ஹாஸ்டல் பெண்களிடம் ஒரு தரம் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பமும் இந்தப் படிப்போடு சேர்ந்ததுதான். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டுக்கு, 24 பிரேமில் எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 பிரேம் வரும். அந்தக் கணக்கு தெரிந்தவர் ஒவ்வொரு தட்டிலும் கட் போட மாட்டார். எங்கே தட்டைத் தாண்டி ஷாட்டை நீட்டலாம் என்று பார்ப்பார். ட்ரெய்லர் லாரி பின்னால் வரும்போது அடிக்கும் ஹாரனும் பிரஸ் ஷாப்பின் அடியும் வெளிச் சாலை வரை கேட்கும். அதைப் பதிவு செய்து பாட்டின் தாளத்தில் சேர்க்கலாம். லார்ஸ் வான் ட்ரையரின் 'டான்சர் இன் தி டார்க்' படத்தில், 2000-ஆம் ஆண்டிலேயே, பாடகி பியோர்க் ஆலை இயந்திரத்தின் சத்தத்திலிருந்து ஒரு பாட்டையே எழுப்பினார். அதையும் ரெஃபரன்ஸ் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

விஸ்காம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்பாட்டுப் பக்கங்களைப் படப்பிடிப்புக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். எந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதட்டும். அதற்குத் தனியாக மார்க் போடுங்கள். படத்தின் கடைசியில், பெயர் போடச் சம்மதித்த ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் வருகிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.