பெயர்ப் பணியில் ஒரே விதை போதுமா?

கைப்பேசியில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறோம். இமைப்பொழுதில் பக்கம் விரிகிறது. ஆனால் கணிப்பொறிகள் ஒன்றையொன்று அறிவது எண்களால்தான். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் இதனை வகுத்தளித்தார்.

இப்பணியைச் செய்யும் மென்பொருள்கள் பல. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கணினி அறிவியல் மாணவர்களுக்கு மட்டுமே உரிய கவலை எனப் பிற துறை நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பெயர்ப் பணி நின்றுபோனால் தோவாளை மாணவனுக்கும் மேற்புறத்து மாணவிக்கும் ஒரே கதிதான். முடிவுகளைத் தாங்கிய கணிப்பொறி பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும். அதனிடம் போகும் வழிதான் அடைபட்டிருக்கும்.

மென்பொருள்களுள் மூத்தது பைண்ட். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் படைத்தது. மாணவர் கைவண்ணம் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆயினும், "எல்லாரும் பைண்டையே வைத்திருக்கிறார்கள், நாமும் இரண்டு சேவையகங்களிலும் அதையே வைப்போம்" என்னும் வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

2015 ஜூலையில் பைண்டில் ஒரு குறை வெளிப்பட்டது. தக்கபடி புனைந்த ஒரே ஒரு கேள்வியை அனுப்பினால் போதும், சேவையகம் படுத்துவிடும். திருத்தமும் உடனே வந்தது. ஆனால் அதைப் போட்டு முடிக்கும்வரை, இரண்டிலும் பைண்டையே வைத்திருந்தவருக்கு இரண்டாவதால் என்ன பயன்? ஊரெல்லாம் அம்பை 16 நெல்லே நின்றால், அதைத் தாக்கும் நோய் ஊரையே தாக்கும் என்பதை நம் நாஞ்சில் நாட்டு உழவர் அறிவர்.

இதனை உலகம் முன்பே உணர்ந்திருந்தது. இணையத்தின் உச்சியில் நிற்கும் 13 மூலச் சேவையகப் பெயர்களுள் 'கே' என்பது 2003-இல் என்.எஸ்.டி. மென்பொருளுக்கு மாறியது. பைண்டைச் சாராமல் நெதர்லாந்தின் என்.எல்.நெட் லேப்ஸ் புதிதாக எழுதியது அது. ஒரே பிழை எல்லா வாசல்களையும் ஒருசேர அடைத்துவிடக் கூடாது என்பதே அம்மாற்றத்தின் நோக்கம்.

சிறந்த மென்பொருள் ஒன்றே போதும் என்பாரும் உளர். பெர்ன்ஸ்டைன் எழுதிய டி.ஜே.பி.டி.என்.எஸ். அத்தகைய சிறப்புடையதுதான். 2008-இல் டான் கமின்ஸ்கி வெளிப்படுத்திய பெருங்குறைக்கான தற்காப்பு அதில் முன்பே இருந்தது. ஆனால் அதன் ஆசிரியர் 2001-க்குப் பின் புதிய பதிப்பு வெளியிடவில்லை. தொடர்ந்து பேணுவாரும் இருந்தால்தான் ஒரு மென்பொருளை நம்பிப் பணியை ஒப்படைக்கலாம்.

இரண்டு மென்பொருள் என்றால் இரட்டை வேலையல்லவா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இரண்டையும் கற்க வேண்டும். இரண்டுக்கும் திருத்தம் போட வேண்டும். எனினும் பெயர்ப் பதிவேட்டை இருமுறை எழுத வேண்டியதில்லை. பைண்டில் எழுதியதை என்.எஸ்.டி. தானே கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொள்ளும்.

எனவே நம் கல்லூரி தன் பெயர்ச் சேவையகத்தைத் தானே நடத்தும் நாள் வருமாயின், என் பரிந்துரை இது. முதற் சேவையகத்தில் பைண்ட். வேற்றூரில் வைக்கும் துணைச் சேவையகத்தில் என்.எஸ்.டி. ஆய்வக மாணவர்களுக்காக வெளியுலகப் பெயர்களை விசாரித்து வரும் வேலை வேறு. அதற்கு அன்பவுண்ட் தனியே இருக்கட்டும்.

மூன்றாண்டுகளில் நாம் வெளியேறிவிடுவோம். ஆகவே செய்முறை முழுவதையும் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்போம். அடுத்து வரும் தம்பி தங்கையர் அதைப் பார்த்து நடத்த முடிந்தால்தான் நம் தேர்வு சரியானது என்பேன்.