கேஸ் போட்டா சரியாயிடும்!

பொக்லைன் ஓட்டுகிறவரிடம் போய், "உங்களுக்கென்னண்ணே, ஏ.ஸி. ரூம்ல உட்கார்ந்து வேலை!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பக்கெட்டில் அள்ளி டிப்பரில் போட்டுவிடுவார்.

கரூர் பக்கம் கல்குவாரியில், அக்னி நட்சத்திரத்து மத்தியானம் ரெண்டு மணியை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் டீசல் இன்ஜின். கீழே அனல் கக்கும் பாறை. அது காபின் இல்லை சார், இட்லிப் பானை. உள்ளே வேகிற இட்லிதான் ஆபரேட்டர்.

ஏ.ஸி. இருக்கிறது. காற்றும் வருகிறது. ஆனால், எதிரில் யாரோ நின்று பெருமூச்சு விடுகிற மாதிரி வருகிறது!

ஆபரேட்டர் முதலாளிக்குப் போன் போடுவார். முதலாளி மெக்கானிக்குக்குப் போடுவார். மெக்கானிக் வண்டியைப் பார்க்காமல், கையிலிருக்கும் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் தீர்ப்புச் சொல்வார்: "கேஸ் கம்மியாயிருக்கும். கேஸ் போட்டா சரியாயிடும்!"

போடுவார்கள். பத்து நாள் ஜில்லென்று இருக்கும், அல்லது இருப்பதாகத் தோன்றும். அப்புறம் பழைய குருடி, கதவைத் திறடி! ஆபரேட்டர் நிஜமாகவே கதவைத் திறந்து கட்டிவைத்துவிட்டு வேலை பார்ப்பார். வினையே அங்கேதான் ஆரம்பம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஏ.ஸி. கேஸ் என்பது சமையல் சிலிண்டர் இல்லை, எரிந்து தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. கண்டன்ஸர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாக்குகிறது. கூலிங் காயிலுக்குள் அது மறுபடி ஆவியாகும்போது காபின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வளவுதான் ஏ.ஸி. ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது வருஷக் கணக்கில் நடக்கிற சமாசாரம். மாசாமாசம் கேஸ் குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. குறையாத வண்டியில் கூடுதலாக அடைத்தாலோ பிரஷர் எகிறி, இருக்கிற கூலிங்கும் போய்விடும்!

சரி, பின்னே எதைப் பார்ப்பது? காசு செலவில்லாததை முதலில் பாருங்கள்.

பிளோயரைக் கடைசி ஸ்பீடில் வைத்து, காற்று வரும் இடத்தில் கையை நீட்டுங்கள். காற்றே பலமில்லையா? அல்லது பலமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சி இல்லையா? இது ரெண்டும் வேறு வேறு வியாதி.

காற்று பலமில்லை என்றால், முதல் சந்தேகம் ஃபில்டர் மேல். பெரும்பாலான வண்டிகளில் ஃபில்டர் ரெண்டு. ஒன்று வெளிக்காற்றுக்கு, இன்னொன்று காபினுக்குள் சுற்றும் காற்றுக்கு. வெளியில் இருப்பதைச் சுத்தம் செய்வார்கள். உள்ளே ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. கழற்றிப் பார்த்தால் மைதா மூட்டை மாதிரி இருக்கும். அதைச் செயினில் நாலு தட்டு தட்டி மறுபடி மாட்டுவது நம் ஊர் வழக்கம். தட்டினால் காகிதம் கிழியும். கிழிந்த ஃபில்டர், ஃபில்டரே இல்லை. புதுசு வாங்கிவிடுங்கள்.

காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால், கண்டன்ஸர். குவாரித் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதன்மேல் கம்பளி போர்த்திவிடும். சூட்டை வெளியே தள்ள வேண்டிய ஆசாமிக்குக் கம்பளி போர்த்தினால் என்ன ஆகும்? இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காற்று போகிற திசைக்கு எதிர்த்திசையிலிருந்து ஏர் அடியுங்கள். வெறி பிடித்தாற்போல அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் அவசியம்.

அடுத்து கம்ப்ரஸர். பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா? ஏ.ஸி.யைப் போட்டதும் 'டக்'கென்று கிளட்ச் பிடிக்கிறதா? சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தும் பிடிக்காவிட்டால், கேஸ் நிஜமாகவே குறைந்து, பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரைக் காப்பாற்றுவதற்காக நிறுத்தி வைத்திருக்கலாம். இப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லீக் எங்கே என்று கேளுங்கள். நீங்களே ஜாயின்ட்டைக் கழற்ற வேண்டாம். இன்று பெரும்பாலும் இருக்கிற ஆர்-134ஏ கேஸ், மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எல்லாம் சரியாக இருந்தும் வெந்நீர் போடுகிற மாதிரிக் காற்று வருகிறதா? ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு ஹீட்டர் உண்டு! பனி கொட்டுகிற தேசத்துக்கும் சேர்த்துச் செய்த வண்டி. இன்ஜினின் கொதிநீர் ஒரு வால்வு வழியாக, கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹீட்டர் காயிலுக்கு வரும். அந்த வால்வு முழுசாக மூடாவிட்டால் ஒரு பக்கம் ஐஸ், மறு பக்கம் அடுப்பு. கரூர் வெயிலில் ஹீட்டர் ஓடுகிற விஷயம், பாவம், மெக்கானிக்குக்கே தோன்றாது. கேஸ் மட்டும் ரெண்டு தடவை போட்டிருப்பார்.

இப்போது அந்தத் திறந்த கதவு.

கல்லை உடைக்கும்போது பறக்கிற தூசியில் சிலிகா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கு ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் ஆழம் வரை போய் உட்கார்ந்து தழும்பாக்குகிறது. அதற்குப் பெயர் சிலிகோஸிஸ். 1952-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டிருந்த தொழில் நோய். குணப்படுத்த மருந்து இல்லை.

ஆக, குவாரியில் ஏ.ஸி. என்பது சொகுசு இல்லை. கதவை மூடி வைத்திருப்பதற்கான ஒரே வழி. ஏ.ஸி. சரியில்லையென்றால் கதவு திறக்கும். கதவு திறந்தால் தூசி வரும். தூசி வந்தால் ஃபில்டரும் காயிலும் அடைக்கும். அடைத்தால் ஏ.ஸி. இன்னும் மந்தமாகும். நடுவில் உட்கார்ந்து இருமுகிறவர் ஆபரேட்டர்.

கதவு ரப்பரையும் சோதியுங்கள். வெளிக்காற்று ஃபில்டர் வழியாக வருகிற மாதிரி வைத்து, பிளோயரை முழுசாக ஓட்டி, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து கதவிடுக்கில் ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை வெளிப்பக்கம் போனால் நல்லது. உங்கள் முகத்துக்குத் திரும்பினால் தூசியும் அந்த வழியாகத்தான் வருகிறது.

"ஏ.ஸி. போட்டா டீசல் குடிக்குதுப்பா!" என்கிற முதலாளிகளுக்கு ஒரு தகவல். 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் ஏ.ஸி.யை வடிவமைத்தது மனுஷனுக்காக இல்லை. ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் சுருங்கி விரியாமல் இருப்பதற்காக! இந்தியாவில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் டிரைவர் காபினுக்கு ஏ.ஸி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில்தான் அறிவித்தது, அதுவும் 2025 அக்டோபர் முதல் தயாராகும் வண்டிகளுக்கு. காகிதத்துக்குக் கிடைத்த மரியாதை டிரைவருக்குக் கிடைக்க நூற்று இருபத்து மூன்று வருஷம்!

ஃபில்டர் விலையைக் கணக்குப் பார்க்காதீர்கள் முதலாளி. வண்டிக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் கேஸ் போடலாம். நுரையீரலுக்குப் போட இன்னும் மெக்கானிக் பிறக்கவில்லை.