சொல்லுக்கும் வால் உண்டு!

கோடைக்கானல் ஏரியைச் சுற்றி வந்தாகிவிட்டது. கோக்கர்ஸ் நடைபாதையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தாகிவிட்டது. பிறகு அந்தக் குடும்பம் சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறது.

வழியில் ஒரு பெயர்ப் பலகை. பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

"அப்-சர்-வேட்-டரி. அப்படின்னா என்னப்பா?"

"அது இங்கிலீஷ்டா. பேசாமல் வா" என்கிறார் அப்பா.

பாவம், அவர் என்ன செய்வார்! பள்ளிக்கூடத்தில் அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுத்துக்களை வரிசையாக மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். செய்தார். பரீட்சை முடிந்தது. மறந்துவிட்டார்.

அந்தச் சொல் நீளமானதுதான். ஆனால் பயப்பட வேண்டியது இல்லை. மாட்டை மூக்கணாங்கயிற்றால் பிடிக்கலாம். இங்கிலீஷ் சொல்லை வாலைப் பிடித்தே அடக்கலாம்!

"லேபரட்டரி" என்றால் ஆராய்ச்சி வேலை செய்யும் இடம். "டார்மிட்டரி" என்றால் பலர் படுத்து உறங்கும் இடம். "லாவட்டரி" கூட முதலில் கை கால் கழுவும் இடம் என்ற பொருளில் வந்ததுதான். எல்லாவற்றுக்கும் வால் ஒன்றே. அந்த வாலுக்கு "இடம்" என்று பொருள். அப்படியானால் அப்சர்வேட்டரி? கவனித்துப் பார்க்கும் இடம்!

பஞ்சம் தந்த பாடம்

அங்கே எதைக் கவனிக்கிறார்கள்? சூரியனை.

இதற்கு ஒரு சோகக் கதை உண்டு. 1876ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் நடக்கும் மாறுதல்களுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டா? இப்படி யோசிக்கத் தொடங்கினார்கள். சூரியனைத் தினந்தோறும் பார்க்க ஒரு நல்ல இடம் தேவைப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் இந்த வேலைக்குப் பழனி மலையே தகுந்தது என்று முடிவு செய்தார்கள். சுமார் 7,700 அடி உயரத்தில், 1899ஆம் ஆண்டில், கோடைக்கானல் நிலையம் ஏற்பட்டது.

1909ஆம் ஆண்டில் இங்கே எவர்ஷெட் என்ற விஞ்ஞானி ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதே அது. "எவர்ஷெட் விளைவு" என்று உலகம் முழுவதும் அதைப் படிக்கிறார்கள்.

அவர்கள் கையாண்ட கருவிகளின் பெயர்களைப் பாருங்கள். "டெலஸ்கோப்", "ஸ்பெக்ட்ராஸ்கோப்", "ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப்"!

கடைசிப் பெயரைக் கேட்டால் வாய் சுளுக்கும். வாலைப் பிடியுங்கள். "கிராப்" என்றால் எழுதுவது, பதிவு செய்வது. "ஹீலியோ" என்றால் சூரியன். "ஸ்பெக்ட்ரோ" என்றால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தது. சூரியனை ஒரே ஒரு நிறத்தில் படம் பிடிக்கும் கருவி. அவ்வளவுதான்!

"ஸ்கோப்" என்றால் பார்ப்பது. தூரத்தில் உள்ளதைப் பார்த்தால் டெலஸ்கோப். நுண்ணியதைப் பார்த்தால் மைக்ராஸ்கோப். டாக்டர் மார்பில் வைக்கிறாரே, அது ஸ்டெதஸ்கோப். அதில் பார்ப்பது ஏது? கேட்பதுதான். ஆனாலும் நெஞ்சைச் சோதித்துப் பார்ப்பதால் பெயர் நிலைத்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. ஜாதகத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர்? "ஹாரஸ்கோப்"! பிறந்த நேரத்தைப் பார்ப்பது என்று அர்த்தம். டெலஸ்கோப்புக்கும் ஜாதகத்துக்கும் வால் ஒன்று. விஞ்ஞானியும் ஜோசியரும் பங்காளிகள் ஆகிவிட முடியுமா? வால் பொருளைச் சொல்லும். உண்மையா பொய்யா என்று சொல்லாது.

ஏமாற்றும் வால்

சில வால்கள் ஏமாற்றவும் செய்யும்.

சோடியம், கால்சியம், அலுமினியம். இவை உலோகங்கள். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டில் முழு சூரிய கிரகணம் வந்தது. குண்டூரில் இருந்து அதை ஆராய்ந்தார், பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன். சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு அப்போது யாருக்கும் புரியவில்லை. "இது புதிய பொருள்" என்றார், இங்கிலாந்தில் இருந்த லாக்கியர். உலோகமாக இருக்கும் என்று எண்ணி "ஹீலியம்" என்று பெயர் வைத்துவிட்டார். பிறகு பார்த்தால் அது வாயு! இன்று பலூனில் அடைக்கிறார்களே, அதே வாயு. உலோகத்தின் வாலோடு அது திரிகிறது.

ஓசை ஒன்றாக இருந்தாலே உறவு என்று எண்ணிவிடவும் கூடாது. "ஹிஸ்டரி", "விக்டரி" என்ற சொற்களும் "டரி" என்றுதான் முடிகின்றன. அவை இடங்கள் அல்ல. ஒன்று சரித்திரம், ஒன்று வெற்றி. தமிழிலும் இப்படி உண்டு. நூலகம், உணவகம், பதிப்பகம் எல்லாம் இடங்கள். நாடகம்?

ஆஸ்பத்திரியில்

இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஏழைக் குடும்பத்தைக் கேளுங்கள்.

"ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும்" என்கிறார்கள். கிராமத்துப் பெரியவர் நடுங்கிப் போகிறார். "ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வேண்டும்" என்கிறார்கள். அதற்கும் அதே நடுக்கம். இரண்டும் ஒன்றா? இல்லை. "கிராம்" என்றால் பதிவு, படம். ரத்தக் குழாயில் அடைப்பு எங்கே என்று படம் எடுத்துப் பார்ப்பது. "பிளாஸ்டி" என்றால் சீர்ப்படுத்துவது. அடைப்பை விரித்துச் சரி செய்வது. முன்னது சோதனை, பின்னது சிகிச்சை.

தந்தி ஞாபகம் இருக்கிறதா? டெலிகிராப் கருவி அனுப்பியது, டெலிகிராம் நம் கைக்கு வந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் தந்தி நின்றுவிட்டது. அந்த "கிராம்" மட்டும் ஆஸ்பத்திரியில் இன்னும் இருக்கிறது.

"ஐட்டிஸ்" என்று முடிந்தால் அழற்சி. டான்சிலைட்டிஸ் என்றால் தொண்டைச் சதையில் அழற்சி. "ஸ்கோபி" என்று முடிந்தால் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. "எக்டமி" என்று முடிந்தால் வெட்டி எடுத்துவிடுவது!

ஒரு பெண்ணுக்கு "ஹிஸ்டரெக்டமி" என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. கணவர் கையெழுத்துப் போடுகிறார். கர்ப்பப்பையையே எடுக்கப் போகிறார்கள் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? எடுப்பது அவசியமாக இருக்கலாம். ஆனால் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்து போடுவது அல்லவா கையெழுத்து!

வாலை மட்டும் நம்பி நின்றுவிடவும் கூடாது. லாபரோஸ்கோபி என்பதில் உள்ளே பார்த்துக்கொண்டே ஆபரேஷனும் செய்வது உண்டு. "டாக்டர், இது பார்ப்பது மட்டுமா, எடுப்பதா?" என்று கேட்க வேண்டும். வால் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி வரும். தெரியாதவருக்குக் கேட்கவே வாய் வராது.

வாத்தியார் செய்யலாம்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிய வித்தையா? இல்லவே இல்லை. தெர்மாமீட்டர் என்பதை "வெப்பமானி" என்கிறோம். "மீட்டர்" என்ற வாலுக்கு "மானி" என்ற வால். டெலஸ்கோப் என்றால் "தொலைநோக்கி". மைக்ராஸ்கோப் என்றால் "நுண்ணோக்கி". "லஜி" என்றால் "இயல்". சுவாலஜி விலங்கியல், சைக்காலஜி உளவியல். இந்தப் பாடப் புத்தகத் தமிழைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கேலி வேண்டாம். வெப்பமானி என்ற சொல்லைப் புரிந்துகொண்ட பிள்ளை, தெர்மாமீட்டரையும் பாதி புரிந்துகொண்டுவிட்டது.

ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? தமிழ்ச் சொல் ஒரு பீரியடில். இங்கிலீஷ் சொல் இன்னொரு பீரியடில். இரண்டு வால்களையும் சேர்த்து முடிச்சுப் போட ஆள் இல்லை. வாரத்துக்குப் பத்து நிமிஷம் போதும். கரும்பலகையில் ஒரு வாலை எழுதிவிட்டு, "இந்த வால் உள்ள சொற்களைக் கொண்டு வாருங்கள்" என்று பிள்ளைகளை அனுப்பலாம். மருந்துக் கடையிலும் பஸ் நிலையத்திலும் தேடி எடுத்து வருவார்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு எதற்கு?

சுற்றுலா ஊர்களிலும் ஒன்று செய்யலாம். பெயர்ப் பலகையின் கீழே, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைக்கலாம்.

கோடைக்கானலில் அது மிகவும் அவசியம். "பேர் ஷோலா", "டைகர் ஷோலா" என்று அங்கே பெயர்கள் இருக்கின்றன. ஷோலா என்ற சொல் இங்கிலீஷ் அகராதியிலும் ஏறிவிட்டது. மலை இடுக்கில் அடர்ந்த காடு என்று அதற்கு அர்த்தம் போட்டிருக்கிறார்கள். அது எங்கிருந்து போனது? நம்முடைய "சோலை"தான் ஷோலா ஆகிவிட்டது! பேர் ஷோலாவுக்குத் தமிழில் கரடிச்சோலை என்றே பெயர்.

அந்தப் பலகைக்கு முன்னாலும் பையன் நின்று கேட்பான். அப்பா அங்கேயும் "அது இங்கிலீஷ்டா" என்று சொல்லிவிடப் போகிறார்.