விடியற்காலை நேரம்

செகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் சாலையில் திருமலகிரி, லோத்துகுண்டாவைத் தாண்டினால் அல்வால். கன்டோன்மென்ட்டை ஒட்டிய இந்தப் பகுதிகளில் தமிழ்ப் பேச்சு புதிதல்ல. அந்நாளைய மதராஸ் படைகளோடு வந்தவர்கள், பின்னால் ராணுவம், ரயில்வே, வங்கி என்று வேலை தேடி வந்தவர்கள் என்று பல தலைமுறைகள் இங்கே உண்டு. 2007இல் அல்வால் ஹைதராபாத் மாநகராட்சியில் சேர்ந்தது. இப்போது இங்கிருந்து பலர் வேலைக்குப் போவது நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஹைடெக் சிட்டிக்கு. போகவர ஆகும் நேரத்தைக் கழித்தால் குழந்தைகளுக்கு மிஞ்சுவது தூங்கும் முகத்தைப் பார்க்கும் நேரம்தான். "நேரம் எங்கே சார் இருக்கிறது?" என்று கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் இதே செகந்தராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நேரத்துக்கு என்ன செய்தது என்பதைப் பார்க்கலாம். துரைராஜ் விமானப்படையில் இருந்தவர். பிறகு வங்கி வேலை. 1982இல் ஜோத்பூரில் பிறந்த மகள் மிதாலிக்குக் காலையில் எழுந்திருப்பதென்றால் வேம்பு. பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்த சிறுமி. சோம்பல் போகட்டும் என்றுதான் அப்பா அவளையும் அண்ணனோடு கிரிக்கெட் பயிற்சிக்கு அழைத்துப் போனார். சாம்பியனை உருவாக்கும் திட்டமெல்லாம் கிடையாது. மைதானத்து ஓரத்தில் பொழுதுபோக்காக மட்டையைச் சுழற்றிய சிறுமியைப் பயிற்சியாளர் ஜோதி பிரசாத் கவனித்தார். சம்பத்குமாரிடம் அனுப்பச் சொன்னார்.

அதன் பிறகு அந்த வீட்டின் கடிகாரமே மாறிவிட்டது. மகளின் பயிற்சிக்கும் பயணங்களுக்குமாக அப்பா சொந்தச் செலவுகளைக் குறைத்துக்கொண்டார். அம்மா லீலா வேலையையே விட்டார். பெண் குழந்தை வெயிலில் விளையாடுவது தாத்தா பாட்டிக்குப் பிடிக்கவில்லை. அதையும் சமாளிக்க வேண்டியிருந்தது. (இம்மாதிரிக் கதைகளில் வேலையை விடுவது பெரும்பாலும் அம்மாதான். அப்பாவின் தியாகத்தைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை.) பரதமா, கிரிக்கெட்டா என்ற கேள்வி வந்தபோது மிதாலி கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இடி 1997இல் விழுந்தது. சாலை விபத்தில் சம்பத்குமார் இறந்தார். அதே ஆண்டு உலகக் கோப்பைக்கான உத்தேசப் பட்டியலில் பெயர் இருந்தும் இறுதி அணியில் இடமில்லை. வயது 14. ஒதுங்கிக்கொள்ள இதைவிடச் சௌகரியமான காரணம் கிடைக்காது. 1999 ஜூனில், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் மைதானத்தில் அயர்லாந்துக்கு எதிராக முதல் ஒரு நாள் ஆட்டம்: ஆட்டமிழக்காமல் 114. அதைப் பார்க்க குரு இல்லை.

2002இல் டான்டனில் டெஸ்ட் ஆட்டத்தில் 214. 2005இல் அவர் தலைமையில் அணி உலகக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்றது. அதற்கு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதம் கிடைத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் பயணம் செய்த காலமும் உண்டு. மகளிர் கிரிக்கெட் இந்திய வாரியத்தின் கீழ் வந்தது 2006இல்தான். வீட்டார் தாங்கியிராவிட்டால் அதுவரை எத்தனை பேர் தாக்குப்பிடித்திருப்பார்கள்?

2017இல் மறுபடி இறுதியாட்டம். லார்ட்ஸில் 9 ரன்னில் தோல்வி. அடுத்த ஆண்டு இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதியில் அவரை உட்காரவைத்தார்கள். அப்போதும் மட்டையை வைத்துவிடவில்லை. ஒரு நாள் ஆட்டங்களில் 7,805 ரன்கள் சேர்த்த பிறகு 2022 ஜூனில்தான் ஓய்வு. உலகக் கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை.

2025 நவம்பர் 2ஆம் தேதி இரவு நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்றார்கள். ஓய்வு பெற்ற மூத்த வீராங்கனைகளும் மைதானத்தில் இருந்தார்கள். ஆடி ஜெயித்த பெண்கள் கோப்பையைக் கொண்டுவந்து மிதாலியின் கையில் கொடுத்தார்கள். அவர் தூக்கிப் பிடித்தார்.