காரணம் சொல்ல வேண்டாமா?

காக்களூரிலிருந்து பள்ளிக்கு வரும் எங்களில் பலருடைய தந்தையர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். ஏதாவதொரு தொழிற்சாலை வாசலில் செங்கொடி ஏறிவிட்டால் போதும், வீட்டில் அம்மாக்களின் குரல் தாழ்ந்துவிடும். "அந்த ஆட்களோடு அப்பாவுக்குப் பேச்சே வேண்டாம்" என்பார்கள். அவர்கள் என்ன தவறு செய்தார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று தோழியர் நால்வர் தேடிப் படித்தோம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பல நாடுகள் பொதுவுடைமையாளரைக் கண்டு நடுங்கின. 1950 பிப்ரவரி 9ஆம் நாள் அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையில் இருப்பதாக முழங்கினார். இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, நமது சேலம் சிறையில் காவலர் சுட்டதில் 22 கைதிகள் மாண்டனர். அவர்களுள் பலர் மலபார் விவசாயிகள்; மலபார் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறு நாள்களே ஆகியிருந்தன!

அதே மாதம் தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. குற்றம் செய்தவரைத் தண்டிப்பதற்கு அன்று. செய்யக்கூடும் என்று அரசு கருதுபவரை விசாரணையின்றி அடைத்து வைப்பதற்கு. எங்கள் வகுப்புத் தலைவி ஒருநாள் ஆசிரியை வருமுன்பே கரும்பலகையில் ஆறு பெயர்களை எழுதி வைத்தாள். "இவர்கள் பேசினார்களா?" என்று கேட்டார் சிஸ்டர். "இனிமேல் பேசுவார்கள், சிஸ்டர்" என்றாள் அவள். வகுப்பே சிரித்தது. ஏ. கே. கோபாலனுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. அவர் 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தவர். சாதாரணச் சட்டப்படி பெற்ற தண்டனைகள் ரத்தான பின்பும் வெளியே விடப்படவில்லை. புதிய சட்டத்தின் 14ஆம் பிரிவோ, அடைத்து வைத்த காரணத்தை நீதிமன்றத்தில்கூட வெளியிடலாகாது என்றது. 1950 மே 19இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒரு பிரிவைத் தள்ளிவிட்டு மற்றவற்றை ஏற்றுக்கொண்டது. நீதிபதி பசல் அலி அதற்கு இசையவில்லை.

"வீடு பற்றி எரியும்போது சட்டப் புத்தகத்தையா புரட்டுவார்கள்?" என்கிறார் எங்களில் ஒருத்தியின் தாத்தா. உண்மைதான், 1948இல் கட்சி ஆயுதப் பாதையை ஏற்றது. தெலங்கானாவில் துப்பாக்கிகள் வெடித்தன. சுட்டவரை நீதிமன்றம் விசாரிக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் யாரைச் சுட்டது? அது சென்னை மாநிலத்துக்குள் வரக்கூடாதென்று அரசு தடுத்தது. உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. மறு ஆண்டே அரசியலமைப்பைத் திருத்திப் பேச்சுரிமைக்கு மேலும் வேலி போட்டார்கள். ஓராண்டுக்கென்று வந்த தடுப்புக் காவல் சட்டமோ 1969 முடியும்வரை நீண்டது.

செங்கொடிக்காரர் கதை நமக்கு எதற்கு என்று நாங்களும் எண்ணியதுண்டு. அருட்தந்தை ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே பணிபுரிந்தவர். மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று சொல்லி 2020 அக்டோபர் 8ஆம் நாள், தமது 83ஆம் வயதில், 'ஊபா' சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அவர் அதை மறுத்தார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாமல், உறிஞ்சுகுழல் வேண்டுமென்று நீதிமன்றத்தில் மனுச் செய்தார். வழக்கு விசாரணை தொடங்கு முன்பே, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்துபோனார்.

இதை எங்களில் ஒருத்தியின் வீட்டில் வாசித்துக் காட்டினோம். செங்கொடியைக் கண்டால் குரலைத் தாழ்த்தும் அதே அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குழலாவது கிடைத்ததா?" என்று கேட்டார்.

சில வாரம் கழித்துக் கிடைத்தது என்றோம்.