சாட்சி சொன்ன ஸ்கானர்

தீவுப்பகுதியில் இரும்பும் செம்பும் நெடுங்காலம் தம் நிலையில் இருப்பதில்லை. உப்புக் காற்று அவற்றை விடாது. சரவணையில் கார் வைத்திருப்போர் யாவரும் இதனை அறிவர். அறிந்திருந்தும் நான் மறந்துபோன கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

பண்ணைப் பாலம் கடந்து நாள்தோறும் கல்லூரிக்குச் சென்றுவரும் என் பழைய ஜப்பானியக் காரில், சென்ற மாதம் ஒரு மாலை இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வீட்டில் வயோதிபத் தாயார் இருக்கின்றார். இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் அவ்வண்டியே எமக்குக் கதி. ஆகையால் மறுநாளே நகரத்துக் கராச் ஒன்றுக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த இளைஞர், சுக்கானின் கீழுள்ள பதினாறு முனைக் குதையில் ஸ்கானரைச் செருகினார். ‘பி 0562’ என்ற குறியீடு தோன்றிற்று. வண்டியின் மின்தொகுதியில் வோல்ற்றளவு குறைவு என்பது அதன் பொருள். இயந்திரம் ஓடும்போது திரை காட்டியது 12.9 வோல்ற்று.

“சேர், ஓல்ட்டனேற்றர் போயிட்டுது. மாத்தத்தான் வேணும்” என்றார். விலை என் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி. “யோசிச்சுச் சொல்லுறன், தம்பி” என்று திரும்பிவிட்டேன்.

ஓல்ட்டனேற்றர் என்பது இயந்திரப் பட்டியினாற் சுழற்றப்படும் மின்பிறப்பாக்கி. 1831இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. உள்ளே மின்காந்தம் சுழலச் சுற்றியுள்ள செப்புச் சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கும். இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கிப் பற்றரிக்கு அனுப்பும். யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய சங்கதியன்று. 1990இல் மின்சாரம் நின்று, பற்றரிகளுக்கும் தடை வந்தபின், சைக்கிளை நிறுத்தி மிதியைச் சுற்றித் தைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். பெயர் தைனமோவாயினும் அதுவும் பிறப்பிப்பது ஆடலோட்டமே. சிறுவனாகிய என் கை ஓய்ந்தால் பி.பி.சி. தமிழோசையும் ஓய்ந்துவிடும், ஐயாவின் ஏச்சு மாத்திரம் ஓயாது.

இனி, ஸ்கானர் பொய் சொல்லிற்றா? இல்லை. அது சொன்னது, காரின் கணினிக்கு வந்துசேர்ந்த வோல்ற்றளவு. ஓல்ட்டனேற்றர் பிறப்பித்தது எவ்வளவு என்பதை அது கண்டதில்லை. தோட்டத்து வாய்க்காலில் நீர் குறைந்தால் கிணற்றையா உடனே குறைகூறுவோம்? இடையில் எங்கோ வரம்பு உடைந்திருக்கலாமன்றோ!

வீட்டிலிருந்த சாதாரண பல்மானியை எடுத்தேன். நன்னிலையிலுள்ள பற்றரி, வண்டி ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ற்றும், ஓடுகையில் பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரையும் காட்டும். முன்விளக்குகளை ஏற்றிப் பார்த்தபோது பற்றரியில் 13.0, ஓல்ட்டனேற்றரின் வெளியீட்டு முனையிலோ 14.2! பல்மானியின் ஒரு கம்பியை அம்முனையிலும் மற்றையதைப் பற்றரியின் நேர்முனையிலும் வைத்தேன். 1.2 வோல்ற்று வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. 30 அம்பியர் ஓடும் பாதையில் 0.04 ஓம் தடை இருந்தாற் போதும், இவ்வளவும் போய்விடும். ஓமின் விதியைப் படிக்கும் மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். இரண்டையும் இணைக்கும் தடித்த கம்பியின் ஒரு முனை பச்சை பூத்திருந்தது. இயந்திரத்தை நிறுத்தியபின் தொட்டேன், சுட்டது.

வேறு சில வண்டிகளில், எரிபொருளைச் சேமிக்கக் கணினியே வேண்டுமென்று வோல்ற்றளவைத் தாழ்த்துவதுண்டு. பிரியஸ் போன்ற கலப்பின வண்டிகளில் ஓல்ட்டனேற்றரே கிடையாது. எனவே எண் ஒன்றை மட்டும் பார்த்துப் பொருளை மாற்றுவது ஆபத்து. அதனினும் பெரிய ஆபத்து, இயந்திரம் ஓடும்போதே பற்றரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம். தைனமோ காலத்து வண்டி அதனைப் பொறுத்தது. இன்றைய வண்டியில் வோல்ற்றளவு திடீரென உயர்ந்து கணினியையே எரித்துவிடக்கூடும். தயவுசெய்து ஒருவரும் செய்யவேண்டாம்.

பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, அம்முனையை உப்புத்தாளினால் தேய்த்து இறுகப் பூட்டினேன். குறியீட்டை அழிப்பிக்க மறுபடியும் அதே கராச்சுக்குச் சென்றேன். திரையில் 14.1 என்ற எண்ணைத் தம்பி சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எந்த இடத்தில, சேர்?”

கம்பியின் முனையைக் காட்டினேன். குறியீட்டை அழித்ததற்கு அவர் காசு வாங்கவில்லை.